மன்னிக்கச் சொல்லாத மார்த்தா அக்கா

மார்த்தா அக்கா இறந்த செய்தி எனக்குச் சபையின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தேன். வெள்ளைப் பூக்களுக்கு நடுவே அவருடைய பழைய புகைப்படம். கீழே, "நம் சபையின் தூண், அன்பின் வடிவம், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று எழுதியிருந்தது. போட்டவர் கமிட்டிச் செயலர். நான் பார்ப்பதற்குள் வரிசையாகக் கைகூப்பிவிட்டிருந்தார்கள். போனைக் கவிழ்த்து வைத்தேன். சோறு இறங்கவில்லை. துக்கத்தால் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் கோபத்தால்.

இன்று தூண் என்று எழுதியவர்கள்தான், மூன்று வருடங்களுக்கு முன் அவரைச் சுவிசேஷ வகுப்பு நடத்தக் கூடாது என்று விலக்கியவர்கள். அப்படி விலக்கும்படி கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான். ஆகவே, அவரை அறிந்த உங்களுக்கு இதை எழுதும்போது, யார் மேல் கோபம் என்று கேட்டால் என் பெயரைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

உங்களில் பலருக்கு அவரைத் தையற்காரியாகத்தான் தெரியும். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக் கடைகளுக்குப் பின்னால் உள்ள சந்தில் அவருடைய கடை. கல்யாணப் புடவை எடுத்த கையோடு ரவிக்கைக்கு அவரிடம் ஓடிவருவார்கள். என் மனைவி சுகந்திக்கு அவர் உயிர்த்தோழி. ஒரு சனிக்கிழமை மாலை இருவரும் சுகந்தியின் ஸ்கூட்டரில் செவிலிமேட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். பாலாற்றுப் பக்கமிருந்து வந்த லாரி மோதியது. சுகந்தி அந்த இடத்திலேயே போய்விட்டாள். பின்னால் உட்கார்ந்திருந்த மார்த்தா அக்காவுக்கு இடது கால் நொறுங்கியது. லாரி ஓட்டிய ஏழுமலை குடித்திருந்தான். 'குடித்திருந்தார்' என்று எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்றத்தில் அக்கா ஊன்றுகோலோடு வந்து சாட்சி சொன்னார். "வண்டி தள்ளாடிக்கினு வந்ததைப் பார்த்தேன். எறங்கும்போது அவரால நிக்கவே முடியல" என்றார். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவன் சிறைக்குப் போனது அந்தச் சாட்சியால்தான். அன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அதற்கடுத்த வருடம் அக்கா நடத்திய புதன்கிழமை வகுப்பில் சிலுவைப் பாடுகளை வாசித்தோம். இயேசுவுக்குப் பக்கத்தில் அறையப்பட்ட கள்ளன் கடைசி நேரத்தில் ஒரு வார்த்தை கேட்கிறான். அன்றைக்கே அவனுக்குப் பரதீசில் இடம் கிடைத்துவிடுகிறது. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து கேட்டேன்: "அந்தக் கள்ளன் யாரையோ அடிச்சிருப்பான், கொன்னிருப்பான். செத்தவனோட பொண்டாட்டி கீழே கூட்டத்துல நின்னிருந்தா, அந்த வார்த்தை அவ காதுல எப்படி விழுந்திருக்கும்?"

வகுப்புக்கு வந்திருந்த போதகர், "கிருபைக்கு எல்லையில்லை தம்பி" என்று தொடங்கினார். மார்த்தா அக்கா குறுக்கிட்டார்: "ஐயா, அவரு கேட்டது அது இல்ல."

இரண்டு வாரம் கழித்து, அந்தக் காலை இழுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறி என் வீட்டுக்கே வந்தார். "தேடிப் பார்த்தேன்பா. பதில் கெடைக்கல. சுவிசேஷத்துல எழுதல. ஆனா கீழே நிக்கிறவங்கள நான் இவ்ளோ நாளா பார்க்கவே இல்ல. இனிமே அவங்கள விட்டுட்டு அந்த எடத்த வாசிக்க மாட்டேன்" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எங்கள் சபையில் அவர் ஒருவருக்குத்தான் வாய் வந்தது.

அதே அக்கா சிறைக்குப் போய் ஏழுமலையைப் பார்த்து வருகிறார் என்று பிறகுதான் தெரிந்தது. மாதம் ஒருமுறை, என்னிடம் சொல்லாமல். அவன் விடுதலையாகி வந்த சில வாரங்களில் ஒரு ஞாயிறு ஆராதனைக்கு அவனை அழைத்தும் வந்துவிட்டார். மூன்றாவது வரிசை. சுகந்தி எப்போதும் உட்காரும் வரிசை. பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்தேன். அக்கா நொண்டிக்கொண்டே பின்னால் வந்தார்.

"உங்களுக்குப் போனது கால். எனக்குப் போனது மனைவி" என்று கத்தினேன். வாசலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கும் அவ போனாப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்த வாரமே கமிட்டிக்கு எழுதினேன். அவன் வந்தால் நான் வரமாட்டேன். அவனை அழைத்து வந்தவர் வகுப்பு நடத்தக் கூடாது. கமிட்டி ஒரே கூட்டத்தில் தீர்மானம் போட்டது. என் துக்கத்துக்காக என்று அப்போது நம்பினேன். லாரி டிரைவரோடு, அதுவும் ஜெயிலுக்குப் போய் வந்தவனோடு, ஒரே பெஞ்சில் உட்கார அவர்களுக்கே பிடிக்கவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு நின்றவர்களுக்கு என் கடிதம் வசதியாகக் கிடைத்தது. இது எனக்கு மிகவும் தாமதமாகத்தான் புரிந்தது.

தீர்மானத்தைக் கேட்டு அக்கா வாதாடவில்லை. "கிருபைன்னா தகுதி பார்க்காம குடுக்கறதுன்னு வாரா வாரம் பாடுறோம். நெஜமாவே தகுதி இல்லாதவன் ஒருத்தன் வந்தா உடனே சர்டிபிகேட் கேக்கறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வகுப்பைத் தன் தையல் கடைக்கு மாற்றிக்கொண்டார். புதன்கிழமை மத்தியானம் மிஷின்களை நிறுத்திவிட்டு வாசிப்பார்கள். ஏழுமலையோடு நாலைந்து பெண்கள். பக்கத்து வீட்டில் தறி நெய்கிற அம்மாள்கூட வந்து கேட்டுவிட்டுப் போவார் என்று சொன்னார்கள். மூன்று வருடம் அந்தச் சந்தின் வழியாக நான் போகவில்லை.

அக்காவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபின், போன மாதம் மருத்துவமனைக்குப் போனேன். சமாதானமாகத்தான் பேச வேண்டுமென்று போனேன். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் சண்டை வந்துவிட்டது.

"ஏன்க்கா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்ப?"

"வேணாம்னுதான்."

"அதான் கேக்கல. அது என் தப்பு. ஒளிச்சு வெச்சது தப்பு. அதுக்கு என்ன மன்னிச்சுடு." மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "ஆனா ஜெயராஜ், அவன மன்னின்னு ஒருநாளாவது ஒன்கிட்ட சொன்னேனா?" என்றார்.

யோசித்தேன். சொன்னதில்லை. ஊரே சொன்னது, போதகர் சொன்னார், சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அவர் சொன்னதே இல்லை.

"சொல்லவும் மாட்டேன். அது ஒனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல இருக்குது. அவன் உள்ள வரக்கூடாதுன்னு கதவைச் சாத்தறதுக்கு மட்டும் நமக்கு உரிமை இல்லப்பா. அது நம்ம வீடு இல்ல."

எழுந்து வந்தேன். அதுதான் எங்களுடைய கடைசிப் பேச்சு. அந்தக் கோபத்தோடு படியிறங்கியதற்காக என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அடக்கத்துக்குச் சபை மொத்தமும் வந்திருந்தது. செயலர் ஒலிபெருக்கியில் அக்காவின் தாழ்மையைப் புகழ்ந்து பேசினார். பிறகு கல்லறைத் தோட்டத்தின் வாசலில் அதே செயலரின் குரல் தணிவாகக் கேட்டது. ஏழுமலை வெளியே நின்றிருந்தான். "ஜெயராஜ் சார் உள்ள இருக்காரு. அவர் மனசு கஷ்டப்படும். எல்லாரும் போனப்புறம் வா."

என் பெயர். என் மனைவியின் சாவு. இரண்டையும் அவர்கள் பூட்டாகப் போட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பூட்டைச் செய்து கொடுத்தவன் நான்.

"என் பேரைச் சொல்லாதீங்க" என்றேன்.

"ஒங்களுக்காகத்தானே சார்..."

"எனக்காக யாரும் ஒண்ணும் செய்ய வேணாம். நான் எழுதின லெட்டரை நானே வாபஸ் வாங்கறேன். இனிமே அவனை நிறுத்தணும்னா ஒங்க பேரைச் சொல்லி நிறுத்துங்க."

ஏழுமலையிடம் அதுவரை நான் ஒரு சொல்லும் பேசியதில்லை. "உள்ள வா. மண்ணு போடு" என்றேன். வந்தான். போட்டான். அழுதான். அவன் அழுதது எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

நான் மன்னித்துவிட்டேன் என்று அன்று முதல் சிலர் என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். தயவுசெய்து குலுக்காதீர்கள். இல்லாத ஒன்றைச் சாட்சியாக மேடையில் சொல்லாதீர்கள். இரட்சிப்பு அவனுக்கு உண்டா என்பதை நான் தீர்மானிக்கப் போவதில்லை. எனக்கு உண்டா என்பதும் தெரியாது.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான். கோபத்தோடும் அந்த வீட்டுக்குள் உட்காரலாம். கோபத்தைக் காரணம் காட்டி இன்னொருவனை வெளியே நிறுத்தக் கூடாது. இதை அவர் ஒரு வாக்கியமாக எங்கும் சொல்லவில்லை. அவர் வாழ்ந்ததைப் பார்த்து நானாக எடுத்துக்கொண்டது.

சென்ற புதன்கிழமை அந்தத் தையல் கடைக்குப் போனேன். அக்காவின் மகள் வகுப்பைத் தொடர்கிறாள். நான் கதவோரம் உட்கார்ந்தேன். அன்று வாசிப்பு ஏழுமலையின் முறை. எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான். தண்டனைத் தீர்ப்பைக் குறிக்கும் 'ஆக்கினைத்தீர்ப்பு' என்ற சொல்லில் வந்து நின்றுவிட்டான். முதல் எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னான்; அதற்கு மேல் நாக்குப் புரளவில்லை. அறையில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவரும் உதவவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். என் குரல் கடுமையாகத்தான் இருந்தது. அவன் அந்தச் சொல்லை என்னிடமிருந்து வாங்கிச் சொல்லிவிட்டு, மேலே வாசித்துக்கொண்டு போனான்.