இன்ஸ்பெக்‌ஷனுக்காக வெள்ளையடித்த பங்களா

"இதைச் செய்யச் சொன்னது யார்?"

பழைய கட்டடங்களைப் பட்டியலிட வந்த ஷோபா மேடம் என்னிடம் கன்னடத்தில் இப்படிக் கேட்டார். பக்கத்தில் நின்ற ஏனோக் அங்கிள், பாராட்டு வரப்போகிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்கு மேலே, மேட்டில் இருக்கிறது அந்தப் பங்களா. வெள்ளைக்காரர் காலத்தில் சுரங்க மேனேஜருக்காகக் கட்டியது. நூறு வயதுக்கு மேல் இருக்கும். ஏனோக் அங்கிளின் அப்பா அங்கே சமையற்காரர். மகனுக்குப் பின்வாசல் வரைதான் அனுமதி. வளர்ந்ததும் அங்கிள் சுரங்கத்துக்குள், பாறை சரியாமல் மரத்தால் முட்டுக்கொடுக்கும் வேலைக்குப் போனார். 2001இல் சுரங்கத்தை மூடினார்கள். காலியான பங்களாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சாவியை அவரிடம் கொடுத்தவர்கள், திருப்பிக் கேட்டு வரவே இல்லை.

"முன்வாசல்ல நான் நுழையறதுக்கு மைன்ஸையே மூட வேண்டியதாப் போச்சு" என்பார்.

இருபது வருஷத்துக்கும் மேலாக உடைந்த ஓடுகளை அவரே மாற்றினார். தேக்குக் கதவைக் கழற்ற வந்தவர்களோடு சண்டை போட்டு, மண்டையில் ஏழு தையல் வாங்கினார். "அந்த வூட்டையே கட்டிகினு இருந்திருக்கலாமே, என்னை இன்னாத்துக்குக் கட்டின?" என்று அவர் மனைவி ஜாய் ஆன்ட்டி திட்டுவார்.

போன வருஷம் பங்களாவை இடிக்கப்போவதாகப் பேச்சு வந்தது. பாதுகாக்கவேண்டிய பழைய கட்டடங்களின் அரசுப் பட்டியலில் சேர்ந்துவிட்டால் இடிக்க முடியாது. பியூசி முடித்து வேலையில்லாமல் இருந்த நான்தான் விண்ணப்பத்தை நிரப்பினேன். புகைப்படம் ஒட்டவேண்டிய இடத்தில் 'நேரில் வந்து பார்க்கவும்' என்று எழுதினேன். அந்தத் திமிரை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

இன்ஸ்பெக்‌ஷன் தேதி குறித்துக் கடிதம் வந்தது. அந்த வார்த்தை போதும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு. சுரங்கத்தில் பெரிய ஆபீசர் இறங்குகிறார் என்றால், முந்தின ஷிப்டிலேயே எல்லா இடத்துக்கும் சுண்ணாம்பு அடித்துவிடுவார்களாம். அங்கிள் தன் பழைய கேங்க் ஆட்கள் ஆறு பேரைக் கூட்டிவந்தார். உதிரத் தொடங்கிய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு சிமென்ட் பூசினார்கள். வராந்தா முகப்பில் கரையான் அரித்த மரப்பின்னல் தடுப்பைக் கழற்றி பேக்கரி அடுப்புக்குக் கொடுத்தார்கள். பங்காருபேட்டையிலிருந்து புது இரும்புக் கிரில் வந்தது.

"அங்கிள், பழசாவே இருக்கட்டுமே" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"இன்னா பேசற ஸ்வீட்டி? ஆபீசர் வரசொல்ல யாராவது கிழிஞ்ச சட்டையோட நிப்பாங்களா?"

அது எனக்கும் சரியாகத்தான் பட்டது. நானும் வெள்ளையடிக்கப் பிரஷ்ஷை எடுத்தேன்.

ஷோபா மேடம் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "பழைய பூச்சு இல்லை. மரப்பின்னல் இல்லை. எதைக் காப்பாற்றச் சொல்கிறீர்கள்?" கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, வருத்தமாகக் கேட்டார். "முன்பு எப்படி இருந்தது என்று தெளிவாகத் தெரியும் படம் இருந்தால் கொண்டுவாருங்கள். அதை வைத்துப் பழையபடி செய்ய முடியுமா என்று பார்க்கலாம். மூன்று மாதம் காத்திருக்கிறேன்."

என் போனில் நாலாயிரம் படங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் என் முகம். ஒன்றில்கூட அந்த வராந்தா இல்லை. அங்கிளிடம் இருப்பது ஒரே கல்யாணப் படம். அதில் பின்னால் ஸ்டூடியோக்காரரின் அருவிதான் கொட்டுகிறது.

இப்போது அவர் உளியை வைத்துச் சிமென்ட்டைக் கொத்திக்கொண்டிருக்கிறார். சிமென்ட்டோடு செங்கல்லும் பெயர்ந்து வருகிறது.

"நிறுத்துங்க அங்கிள், சுவரே போயிடும்!"

"நான் போட்டதை நானே எடுக்கறேன். நீ போய் போட்டோவைத் தேடு, போ!"

தேடுகிறேன். சர்ச்சில் கல்யாணம் முடிந்த ஜோடிகளை அங்கிளே கூட்டிப்போய் அந்த வராந்தாவில் படம் எடுக்க விட்டிருக்கிறார். ஊரில் மிச்சமிருக்கும் எல்லா வீடுகளிலும் கேட்டாயிற்று, கிடைக்கவில்லை. மற்றவர்கள் பெங்களூரு, சென்னை, ஆஸ்திரேலியா என்று போய்விட்டார்கள். ஒரு மாதம் முடிந்துவிட்டது. உங்களுக்குத் தெரிந்த கோலார் தங்கவயல் குடும்பங்களுக்கெல்லாம் இதை அனுப்புங்கள். ஆல்பத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பின்னால் அந்த மரப்பின்னல் தெரிந்தால் போதும்.