நாயைப் பார்த்துக்கொண்ட தைலம்மாள்

வீட்டைப் பூட்டிக்கொண்டு கரும்பு வெட்டப் போகும் தைலம்மாள், பாதி வழியில் திரும்பி வருவாள். பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பாள். அப்புறம்தான் கால் நிம்மதியாக நடக்கும். பஸ் வருகிறது என்று யாராவது சொன்னால் ரோட்டின் நடுவில் போய் நின்று பார்ப்பாள். கொதிக்கும் உலையை அடிக்கடி திறந்து பார்ப்பதால் அவள் வீட்டுச் சோறு தாமதமாகத்தான் வேகும்.

"இவ வெளிய வந்து பாத்தாதான் சூரியனே மொளைக்கும்" என்பார் அவள் புருஷன் ஆண்டி.

தியாகதுருகத்திலிருந்து உள்ளே திரும்பும் ரோட்டில் எங்கள் காலனி. அடுத்தடுத்த வீடு. நான் அவளை அக்கா என்பேன். அவளுக்கு நான் கலை. கலையரசன் என்ற முழுப் பெயரை அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கடைக்குப் போய்த் திரும்பிய அவள் மகள் கவியாவை அரங்கநாதன் வீட்டு நாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. கவியா இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அரங்கநாதன் கரும்புத் தோட்டமும் டிராக்டரும் வைத்திருப்பவர். வீட்டைச் சுற்றி மதில் உண்டு, மதிலுக்கு இரண்டு தூண்கள் உண்டு, தூண்களுக்கு நடுவே கேட் மட்டும் கிடையாது. நாயின் பெயர் ஜப்பான். குட்டியாக இருந்தபோது மருந்தடிக்கும் மிஷின் வந்த அட்டைப்பெட்டியில் படுத்துக் கிடந்ததாம். பெட்டியின் மேல் அப்படி எழுதியிருந்ததாம்.

தைலம்மாள் பிள்ளையைக் குழாயடியில் உட்கார வைத்து சோப்புப் போட்டுக் கழுவினாள். சுண்ணாம்போடு ஓடிவந்தவர்களை விரட்டினாள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு என் வண்டியில்தான் போனோம். டாக்டர் சின்ன வயதுப் பெண். காயத்தைச் சுற்றி ஊசி போட்டார், கையில் போட்டார். அடுத்தடுத்த ஊசிக்கு வரவேண்டிய நாள்களை எழுதிக் கொடுத்தார்.

"ஒரு ஊசிகூட விட்டுடக் கூடாதும்மா. நாயையும் பத்து நாள் பாத்துக்கோங்க. அது நல்லா இருந்துச்சுன்னா பயமில்ல."

திரும்பும் வழியில் தைலம்மாள் என் தோளுக்குப் பின்னால் இருந்து கேட்டாள்.

"கலை, டாக்டரம்மா நாய பாத்துக்க சொல்லிச்சில்ல?"

"ஆமாக்கா."

"கடிச்சதும் இல்லாம, அதுக்கு சோறு வேற போடணுமா?"

கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை என்பது வண்டி ஓட்டிக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை.

காலனிக்கு வந்தால் ஆண்டி கையில் கடப்பாரை. இன்னும் நாலு பேர் தடியோடு கிளம்பி நின்றார்கள். தைலம்மாள் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுக் குறுக்கே போய் நின்றாள்.

"நாயி செத்துப்போச்சின்னா நான் எதப் பாத்துக்கறது?"

"உனுக்கு இன்னா பைத்தியமா? பெத்த பொண்ணக் கடிச்சிருக்குது."

"டாக்டரம்மா சொல்லியிருக்குது. அது நல்லா இருந்தாதான் எம்பொண்ணு நல்லா இருக்கும். எவனாவது கை வெச்சீங்க, நடக்கறதே வேற."

அர்த்தம் கோணலாக இருந்தாலும் சொன்னது சரிதான். ஆண்டி கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார்.

நாயைக் கட்டிப்போடச் சொல்லி மூன்று பேரும் அரங்கநாதன் வீட்டுக்குப் போனோம். ஜப்பான் டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தது.

"யாரு நாயி?" என்றார் அரங்கநாதன். "ஊரு நாயிப்பா அது. நெழலுக்கு வந்து படுக்குது. வர்ற போற நாய்க்கெல்லாம் நான் பதில் சொல்லணுமா? காலனிப் புள்ளைங்களுக்கு இந்தப் பக்கம் இன்னா வேல?"

"கட இந்தப் பக்கம்தானங்க இருக்குது" என்றார் ஆண்டி.

அரங்கநாதன் உள்ளே போய்விட்டார். அன்று சாயங்காலம் அவருடைய டிராக்டர் ஓட்டுகிற பையன் ஆண்டியிடம் வந்து ரகசியமாகச் சொன்னான். மறுநாள் வெள்ளிமலைக்கு ஒரு லோடு ஆட்டோ போகிறது. நாயை அதில் ஏற்றிக் கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை ரோட்டில் எங்காவது இறக்கிவிடப் போகிறார்கள்.

தைலம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மலையில வுட்டுட்டா நான் எங்கன்னு போய்ப் பாப்பேன்?" கவியா அப்போது சொம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். தைலம்மாள் அவள் தொண்டையையே பார்த்தாள். வெறி பிடித்தால் தண்ணீர் இறங்காது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

தியாகதுருகத்தில் தையல் கடை வைத்திருக்கும் நிர்மலா, கோர்ட்டின் இலவச சட்ட உதவியில் தன்னார்வலர். அப்போதே கிளம்பி அவரைப் போய்ப் பார்த்தோம். ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டே பேசினார்.

"வளக்கற நாய கட்டாம வுட்டு, அது மனுசனக் கடிச்சா குத்தம்தான்க்கா. ஸ்டேஷன்ல புகார் குடுக்கலாம். ஆஸ்பத்திரிச் செலவு, போன கூலி, கொழந்த பட்ட வேதன, எல்லாத்துக்கும் கோர்ட்டுல நஷ்டஈடு கேக்கலாம். பொம்பளைங்களுக்கு வக்கீல் பீஸ் கெடையாது. பேசி முடிக்கணும்னா லோக் அதாலத் இருக்குது."

"தெரு நாயின்னு சொல்றாங்களே?"

"அப்பிடின்னா பஞ்சாயத்துக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் மனு குடுக்கணும். அது வேற வழி. யாரு நாயின்னு மொதல்ல முடிவாவணும். உனுக்கு இன்னா வேணும், பணமா, கேசா?"

"நாய் வேணும்" என்றாள் தைலம்மாள்.

நிர்மலா ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஜாக்கெட்டை மடித்து வைத்துவிட்டு எங்களோடு ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்.

எஸ்.ஐ. ஒரு பெண். புகாரைப் படித்துவிட்டு அரங்கநாதனைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வருகிற வரைக்கும் தைலம்மாள் மடியில் ஒரு பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பையின் வாயில் புதுக் கயிறு தெரிந்தது.

"எதுக்கும்மா கயிறு?"

"நாய்க்குங்கம்மா."

"அடிச்சித் தொங்கவிடப் போறியா? அதுவும் குத்தம், தெரியுமில்ல?"

"ஐயோ, இல்லீங்கம்மா. பாத்துக்கறதுக்கு."

அரங்கநாதன் மனைவி இசைவாணியோடு வந்தார். நின்றபடியே அதையே சொன்னார். ஊர் நாய். யார் வேண்டுமானாலும் சோறு போடுவார்கள். தனக்குச் சம்பந்தமில்லை.

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. நாய் உங்களுது இல்ல?"

"இல்லீங்க மேடம்."

அதைக் கேட்டதும் நிர்மலாவின் முகம் வாடியது. தைலம்மாளின் முகமோ, அன்றைக்கு முதல் தடவையாகத் தெளிந்தது. பையிலிருந்து கயிற்றை எடுத்தாள்.

"அப்ப செரிங்கம்மா. யாருதும் இல்லன்னா ரொம்ப நல்லதாப் போச்சி. நான் எங்க வூட்டுக்குக் கூட்டிக்கினு போறேன். பத்து நாள் பாத்துக்கறேன். அப்பறமும் அதுக்குப் புடிச்சா அங்கியே இருக்கட்டும்."

"இன்னாது?" இசைவாணி ஒரு அடி முன்னால் வந்துவிட்டார். "எங்க ஜப்பான நீ கூட்டிக்கினு போவியா? கயித்துல கட்டினா பச்சத்தண்ணி குடிக்காது அது! புள்ளையாட்டம் வளத்து வெச்சிருக்கறேன், நீ பாட்டுக்கு..."

அரங்கநாதன் மனைவியைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

எஸ்.ஐ. பேனாவைத் திறந்தார். "புள்ளையாட்டம் வளத்தது. எழுதிக்கலாமா?"

"வாய வெச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியா" என்று அரங்கநாதன் முணுமுணுத்தார்.

"நீங்க இருந்தீங்களா? யாருதும் இல்லன்னு நீங்கதான சொன்னீங்க. மலைக்கு ஏத்தப் போறத டிராக்டர் பையன் சொல்லித்தான தெரிஞ்சிக்கினேன், எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் இசைவாணி. இது எஸ்.ஐ.க்குத் தெரியாத சங்கதி. அதையும் எழுதிக்கொண்டார்.

அன்றைக்கு முடிவானது இதுதான். நாயை அரங்கநாதன் வீட்டிலேயே கட்டி வைக்க வேண்டும். மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் காட்ட வேண்டும். தைலம்மாள் தினமும் போய்ப் பார்க்கலாம், யாரும் தடுக்கக் கூடாது. புகாருக்கு ரசீது வாங்கிக் கொடுத்த நிர்மலா, "பேசி முடிச்சாலும் கோர்ட்டுக்குப் போற உரிம உனுக்குப் போயிடாதுக்கா" என்றார். தைலம்மாளின் காதில் தினமும் பார்க்கலாம் என்பது மட்டும்தான் விழுந்திருக்கும்.

மறுநாள் காலையில் அவள் தூக்குச்சட்டியில் சோறும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு புறப்பட்டபோதுதான் எனக்கு விளங்கியது.

"அக்கா, பாத்துக்கறதுன்னா, நோவு வருதான்னு கண்ணால கவனிக்கறது. சோறு போடறது இல்ல."

"போடா. வெறுங்கையோட போய் நின்னுக்கினு மொறைச்சா அது இன்னான்னு நெனைக்கும்?"

தூண்களுக்கு வெளியே தள்ளி நின்று, சோற்றை ஓலைத் தட்டில் வைத்து நீளக் குச்சியால் தள்ளிவிடுவாள். அது தின்பதைப் பார்ப்பாள், தண்ணீர் குடிப்பதைப் பார்ப்பாள். அப்புறம்தான் கரும்புக் கொல்லைக்குப் போவாள். "நாங்க சோறு போட மாட்டமா?" என்று இசைவாணி முதலில் முகத்தைத் திருப்பினார். "டாக்டரம்மா என்னத்தான பாத்துக்க சொல்லிச்சி" என்று தைலம்மாள் தட்டைக் குச்சியால் தள்ளினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜப்பான் சோற்றை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. தைலம்மாள் எனக்குப் போன் போட்டாள். உடனே வரச் சொன்னாள். நான் போகும்போது மண்ணில் உட்கார்ந்து நாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருக்கிறதா, வாயில் நுரை இருக்கிறதா என்று என்னையும் பார்க்கச் சொன்னாள். எனக்கு எல்லாமே சிவப்பாகத்தான் தெரிந்தது. துணி உலர்த்த வெளியே வந்த இசைவாணி எங்களைப் பார்த்துப் பயந்துபோனார்.

"இன்னா ஆச்சி?"

"துன்ன மாட்டேங்குதுங்க."

"எப்பிடித் துன்னும்? காலைலயே கறி எடுத்தாந்தாரு. கால் கிலோவ அதுவே துன்னுட்டுது. உன் கருவாடு இன்னிக்கி அதுக்கு எறங்குமா?"

தைலம்மாள் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் கண்ணில் வழிந்தது. இசைவாணி துணியைக் கொடியில் போட்டுவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தைலம்மாள் அதை ஒரே மூச்சில் குடித்தாள்.

பத்தாம் நாள் மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து பார்த்துவிட்டு, நாய்க்கு ஒன்றுமில்லை, இனிமேல் வருஷா வருஷம் தடுப்பூசி போடுங்கள் என்றார். ஜப்பான் அவரைப் பார்த்து எகிறி எகிறிக் குரைத்தது. அந்தக் குரைப்பைத் தைலம்மாள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து கவியாவை மடியில் போட்டுப் பகலிலேயே தூங்கினாள். அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை.

அரங்கநாதன் ஆள் அனுப்பினார். புகாரை முடித்துக்கொள்ளலாமா என்று. சட்ட உதவி ஆபீசில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். செலவையும் கூலியையும் தருவதாக அவர் ஒத்துக்கொண்டார். நிர்மலா, "கையெழுத்துப் போடறியாக்கா?" என்றார்.

"மொதல்ல அந்தத் தூணுங்களுக்கு நடுவுல கேட்டு போடட்டுங்க. பாத்துட்டுப் போடறேன்."

கடைசி ஊசிக்குப் போனபோது டாக்டர் நாயைப் பற்றி விசாரித்தார்.

"நல்லா பாத்துக்கினேங்கம்மா. முன்னவுட சதை போட்டிருக்குது."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

திரும்பும்போது அரங்கநாதன் வீட்டருகே வண்டியை நிறுத்தச் சொன்னாள். தூண்களுக்கு நடுவே புது இரும்புக் கேட், நீலப் பெயின்ட் அடித்து நின்றது. உள்ளே ஜப்பான் அவளை அடையாளம் கண்டு வாலாட்டியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. கேட்டின் தாழ்ப்பாளை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த இசைவாணி, "நல்லா இழுத்துப் பாரு, தைலம்மா. பெயின்ட்டு காஞ்சிடுச்சி" என்றார்.

தைலம்மாள் இன்னொரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு வந்து, பிள்ளையோடு வண்டியில் ஏறினாள்.

"போலாம் கலை. நிர்மலா கடப் பக்கம் வுடு. கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேன்."