அடிக்காத சூடம்

குடியை விடுகிறவர்களுக்கென்று ஒரு கூட்டம் நடக்கிறது என்பதை நான் கள்ளுக்கடையில்தான் கேள்விப்பட்டேன். எங்களோடு தினமும் உட்காருகிற தறிக்காரர் ஒருவர் திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார். "ஏதோ கூட்டத்துல சேந்து கெட்டுப் போயிட்டாருங்க" என்று கடையில் எல்லோரும் வருத்தப்பட்டார்கள். நானும் வருத்தப்பட்டேன். அப்புறம் மெதுவாக, யாரோ தூரத்து உறவினருக்காகக் கேட்பது போல, அது எங்கே நடக்கிறது என்று விசாரித்தேன்.

"உங்களுக்குத்தானுங்களே?" என்றான் கள் ஊற்றுகிறவன். எங்கள் பக்கத்தில் மானத்தை வாங்கினாலும் மரியாதையாகத்தான் வாங்குவார்கள்.

நான் மில் ஆபீசில் குமாஸ்தா. வீட்டில் அலமாரி நிறைய இங்கிலீஷ் புத்தகங்கள். ஆகையால் கோயமுத்தூரில் என்னைக் குடிகாரன் என்று யாரும் சொல்வதில்லை. "கொஞ்சம் பழக்கம் உண்டு" என்பார்கள். என் மனைவி மட்டும் சரியான வார்த்தையைச் சொல்லிவிட்டு, காங்கேயத்தில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். அந்த மச்சான் இப்போது ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தார்: ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்து வருவார், போன தடவை போல அன்றைக்கும் நான் குடித்திருந்து வண்டியைத் திருப்ப வேண்டி வந்தால், இனிமேல் அழைத்து வர மாட்டார்.

அதற்கு முந்தின புதன்கிழமை சாயங்காலம் கூட்டத்துக்குப் போனேன். கள்ளுக்கடையை ஒட்டிய சந்தில் ஒரு பஞ்சுக் கிடங்கு. வழி தெரியாமல் திண்டாடக்கூடிய அங்கத்தினர் எவரும் இருக்க முடியாது. பொதிகளின் மேல் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், நம் தறிக்காரர் உட்பட. நடுவில் ஒரு பெரியவர். போத்தனூர் ரயில்வேயில் கார்டாக இருந்து, குடியினால் வேலையை விட்டவர்.

நான் தயாராகப் போயிருந்தேன். பையிலிருந்து சூடக்கட்டியை எடுத்தேன். எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் அப்புறம் மீறக் கூடாது என்பதுதானே எங்கள் ஊர்ச் சட்டம்.

"அதை உள்ளயே வெய்யுங்க" என்றார் கார்டு. "சுத்தியும் பஞ்சு. இதுக்கு முந்தி சத்தியம் பண்ணியிருக்கீங்களா?"

"மூணு தரமுங்க. ஒண்ணு அவிநாசியில, சன்னதியிலேயே."

"நானும் அங்கதானுங்க!" என்று தறிக்காரர் பழைய பள்ளித்தோழனைக் கண்டவர் போல மகிழ்ந்தார்.

கார்டு சிரிக்கவில்லை. "சத்தியம் பண்ணுனவன் ஒரு நாள் தவறிட்டா, சாமியே கைவிட்டுப்போச்சுன்னு ரெண்டு கலயம் சேத்திக் குடிப்பானுங்க. இங்கிருக்கற அத்தனை பேரும் அப்படித்தான். அடுத்த புதன்கிழமை வரைக்கும் தொட மாட்டேன்னு மட்டும் சொல்லுங்க. வேற எங்கயாச்சும் சூடம் அடிச்சீங்கன்னா இங்க வர வேண்டாமுங்க."

சொன்னேன். வார்த்தை மிகவும் சின்னதாக இருந்தது. வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டுக்கொண்டேன். ஞாயிறு வரை எப்படிப் போயிற்று என்று எழுத எனக்கு இப்போதும் திராணியில்லை. காப்பியை டம்ளரில் குடித்தால் சட்டைதான் குடித்தது. ஆகவே கிண்ணத்தில் குனிந்து குடித்தேன்.

ஞாயிறு காலை ஜட்கா வந்து நின்றது. மச்சான் மட்டும் இறங்கினார். மனைவி உள்ளேயே இருந்தாள். வண்டியின் திரைப் படுதாவுக்குக் கீழே அவள் கால் தெரிந்தது. மச்சான் என்னை முகர்ந்து பார்த்தார். திருப்தியானவர் போல மடியிலிருந்து சூடத்தை எடுத்து, வாசற்படியில் தட்டை வைத்துக் கொளுத்தினார்.

"அடிங்க மாப்பிள்ளை. அம்மிணி எறங்கட்டும்."

ஒரே ஒரு அடி. என் வலது கை பழக்கப்பட்ட கை, தானாகவே எழுந்தது. அதை அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

"மாட்டேனுங்க."

"அப்ப குடிப்பீங்களா?"

"புதன்கிழமை வரைக்கும் குடிக்க மாட்டேனுங்க."

"வியாழக்கிழமை?"

"அதைப் புதன்கிழமைதானுங்க சொல்ல முடியும்."

"குடிக்கறதுக்கு நல்ல நாள் பாத்து வெச்சிருக்கீங்களாக்கும்!" என்றார் மச்சான். அவர் காது மடல் சிவந்துவிட்டது. பஞ்சுக் கிடங்கு, கார்டு எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். குடிகாரர்கள் கூடிச் சத்தியம் வேண்டாமென்று தீர்மானித்தார்கள் என்ற செய்தி, சொல்லச் சொல்ல எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

"குதிரை நிக்க மாட்டேங்குதுங்க. திருப்பட்டுங்களா?" என்றான் வண்டிக்காரன்.

சூடம் பட்டாணி அளவுக்குச் சுருங்கியிருந்தது. மச்சான் என் கையையே பார்த்தார். நான் படுதாவுக்குக் கீழே தெரிந்த காலைப் பார்த்தேன். அது அசையவில்லை. சுடர் நீலமாகி, ஒரு பக்கம் சாய்ந்து, தானாக அணைந்தது.

"திருப்பப்பா" என்றார் மச்சான்.

"இருங்கண்ணா." படுதா விலகியது. "மூணு தரமும் கேட்டு முடிக்கறதுக்குள்ள டக்குனு அடிச்சுப்போட்டாருங்க. இப்பத்தான் யோசிக்கறாரு."

அவள் இறங்கினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அக்குளில் இடுக்கியிருந்த கையைப் பார்த்தாள். வண்டிக்காரன் அவளுடைய பெட்டியைத் தூக்கப் போனான்.

"பெட்டி அண்ணனோடவே போகட்டும்" என்று தடுத்து, அதைத் திறந்து ஒரு சேலையை மட்டும் எடுத்துக்கொண்டாள். "புதன்கிழமை வரைக்கும் இது போதும்."

மச்சான் பெட்டியோடு மறுபடி வண்டியில் ஏறினார்.