கோடையில் அசையாத முள்

அந்த வானிலை நிலையத்தில் அவளுக்குப் பத்தொன்பது வருட சர்வீஸ். காற்றழுத்தமானியின் முள், உருளையில் சுற்றிய தாளில் கோடு இழுத்துக்கொண்டே போகும். அதைப் படித்துக் குறித்துவைப்பது அவள் வேலை. தெருவில் அவளுக்கு மழைக்காரி என்று பெயர். குளிர்காலத்தில் அவள் சொன்னால் சொன்னதுதான். புயல் வர இரண்டு நாள் இருக்கும்போதே முள் கீழே இறங்க ஆரம்பித்துவிடும். "எங்கக்கா சொல்லிட்டா, மேகம் கையெழுத்துப் போட்டுட்டுதான் உள்ள வரும்" என்று தம்பி கேலி செய்வான்.

தம்பி கைபேசிக் கோபுரங்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். தினமும் காலையில் இடுப்புப் பெல்ட்டை மாட்டுவதற்கு முன்னால் அக்காவுக்கு ஒரு போன். "ஏறலாமாக்கா?"

கோடையில் அந்தக் கேள்வி அவளுக்குப் பிடிக்காது. "வெயில் காலத்துல என்னை நம்பாதடா. முள்ளு ஆடாம நிக்கும். எங்கயோ ஒரு மூலையில மட்டும் பேய்க்காத்து அடிச்சுட்டுப் போயிடும்" என்று பலமுறை சொல்லியிருக்கிறாள். அந்த வியாழக்கிழமை அலுவலகத்தில் ஆய்வு. மேலதிகாரி வாசலுக்கே வந்துவிட்டார். அவள் தாளை ஒரு பார்வை பார்த்தாள். அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி இருந்தது கோடு.

"ஏறுடா, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

மதியம் ஒன்றேகாலுக்கு, எட்டு கிலோமீட்டர் தள்ளி, ஒரே ஒரு மேகம் திரண்டு இடித்தது. பத்தே நிமிடம். காற்று கோபுரத்தை உலுக்கியபோது தம்பி பெல்ட்டின் கொக்கியைக் கழற்றி அடுத்த கம்பிக்கு மாற்றிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் நிலையத்து முற்றத்தில் ஒரு இலைகூட அசையவில்லை.

அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பியதும் அன்றைய தாளைத் தேடி எடுத்தாள். ஓரத்தில் 'ஒன்றேகால், பலத்த காற்று' என்று எழுதப் போனாள். மேலதிகாரி பார்த்துவிட்டார்.

"இங்க நடந்தத மட்டும்தாம்மா எழுதணும். இங்க ஒண்ணும் நடக்கலையே."

தன்மையாகத்தான் சொன்னார். அவள் பேனாவை மூடிவைத்தாள்.

குளிர்காலம் வந்தது. அவள் சொன்ன மூன்று புயலும் சொன்ன நாளிலேயே வந்தன. பால்காரர் வாய் ஓயாமல் பாராட்டினார். அவள் பாலை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

தம்பி மனைவி, குழந்தையோடு அம்மா வீட்டுக்கே போய்விடுவதென்று முடிவுசெய்து, வீட்டுச் சாவியைக் கொடுக்க வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"இப்பல்லாம் சரியாச் சொல்றீங்களாமே அண்ணி. அன்னிக்கு மட்டும் ஏன் தெரியல?"

"குளிர்காலத்துல காத்து பல ஊரை வளைச்சுக்கிட்டு மொத்தமா நகந்து வரும்மா. தூரத்துலயே தெரிஞ்சுடும். வெயில்ல அப்படி இல்ல. உலைத்தண்ணி மாதிரி அங்கங்க கொதிக்கும். எந்த இடத்துல குமிழி வரும்னு யாராலயும் சொல்ல முடியாது."

தம்பி மனைவி முழுதும் கேட்டுக்கொண்டாள். "அப்ப, தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே அண்ணி."

சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். அதன் பிறகு போனும் இல்லை, கடிதமும் இல்லை.

மறுபடி வெயில் ஏறத் தொடங்கியதும் மழைக்காரி மூன்று மாத விடுப்பு கேட்டு எழுதிக் கொடுத்தாள். பதில் ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.