மௌஸ் வந்த வருஷம்

பினாங்கில், ஜார்ஜ்டவுன் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் சரக்கு ஆபீசில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. படமும் கிடையாது, மௌஸும் கிடையாது. எந்த விசைக்கு என்ன வேலை என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டும். ஒரு கடிதத்தை அச்சடிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விடும். எவன் செய்தான் இதை என்று வாய்விட்டே திட்டுவேன்.

அதை ஆண்டுகொண்டிருந்தவர் எனக்கு மூத்த கிளார்க், ஓர் அக்கா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், சுங்கை பினாங் அடுக்குமாடியில் வயதான தாயோடு இருந்தார். அவர் சம்பளத்தில்தான் இரண்டு பேரும் சாப்பிட வேண்டும். அவருக்குக் கை நடுங்கும். காப்பிக் கோப்பையைத் தூக்கினால் பாதி மேசையில் கிடக்கும். ஆனால் விசைகளில் விரலை ஊன்றிவிட்டால் ஒரு பிழையும் வராது.

புது மெஷின் வாங்கலாமா என்று முதலாளி என்னைக் கேட்டார். இரண்டையும் ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பழையது கஷ்டம், புதியது சுலபம், சின்னப் பிள்ளைகூட ஒரே நாளில் பழகிவிடும். சின்ன வயசு, திமிருக்குக் கேட்கவா வேண்டும்.

புதியது வந்தது. படத்தின்மேல் அம்புக்குறியை வைத்து இரண்டு தரம் சட்டென்று தட்ட வேண்டும். அக்கா இரண்டாவது தட்டு தட்டுவதற்குள் கை நகர்ந்துவிடும். படம் திரையின் மூலைக்கு இழுபட்டுப் போகும்.

"மெதுவா பிடிங்க அக்கா, இது சின்னப் புள்ள வேலை லா," என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

"பழசையும் ஒரு ஓரமா வெச்சிக்கலாமா, தங்கச்சி?" என்று கேட்டார். முதலாளி அதை விற்றுவிட்டிருந்தார்.

மூன்று மாதம் போராடினார். பிறகு ஒரு நாள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். கையால் எழுதியது, எழுத்தெல்லாம் நெளிந்திருந்தது.

அடுத்த வருஷம் மௌஸ் கெட்டுப்போனது. மெஷின் வாங்கிய கடைக்குப் போன் செய்தேன். "மௌஸ் இல்லன்னா என்ன? கீபோர்டு அம்பு பட்டன்ல படத்துக்குப் போயி எண்டர் தட்டுங்க," என்றார் கடைக்காரர். தட்டினேன். திறந்தது. முதல் நாளிலிருந்தே அப்படித் திறந்திருக்கலாம். மூன்று மாதம் அவருக்குப் பாடம் எடுத்த எனக்குத்தான் அது தெரியவில்லை.

அன்று சாயங்காலமே சொல்லிவிட வேண்டும் என்று அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளறையில் தாய் இருமிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு வேறு வேலை கிடைத்திருக்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார். "அந்த மெஷின் நல்ல மெஷின்தான். என் கைதான் சரியில்ல, தங்கச்சி."

அவர் இடத்தில் வேறொரு பெண் வந்துவிட்டாளே, இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வீடு திரும்பினேன். உண்மையில் பயந்துவிட்டேன். அதற்குப் பிறகும் பசாரில், கோயிலில் எத்தனையோ தரம் பார்த்தேன். ஒரு தரமும் சொல்லவில்லை.

போன மாதம் அக்கா இறந்துபோனார். கடைசிவரை தன் கையைத்தான் நொந்துகொண்டிருந்தார். நொந்திருக்க வேண்டியது என்னை.