யாரும் தொடாத குடம்

இந்த மாதிரி நாசவேலையையெல்லாம் முன்கூட்டியே தெரிந்து தடுக்க முடியாதா என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துதான் இருந்தது. எந்த இடம் என்றுகூடத் தெரியும்.

அறுபதுகளின் நடுவில், ஊர் கொந்தளித்துக் கிடந்த ஒரு வருஷம், காவிரிப் பாலத்துப் பக்கம் தண்டவாளத்துக்கு வெடி வைக்கப் போகிறார்கள் என்று ஸ்ரீரங்கம் முழுக்கப் பேச்சு. எங்கள் தெருக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஆற்றுப் பாதையில் முறை போட்டுக் காவல் நின்றார்கள். அப்பாதான் தலைவர். முசிறியிலிருந்து வாழைப்பழம் விற்க வந்தவரின் கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார்கள். பழங்களைப் பொறுக்கிக் கொடுக்க ஒருவரும் குனியவில்லை.

மடியாக, யார் மேலும் படாமல் சுத்தமாகப் போகிறவர்களை மட்டும் சோதிக்கவில்லை. கொடியில் தனியாக உலர்த்திய வேட்டியைக் கட்டிக்கொண்டு, பெருமாளுக்குத் தீர்த்தம் எடுக்கக் குடத்தோடு போகிறவரை யார் தொடுவது? தொட்டால் மடி போய்விடும். எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

காலேஜில் படித்த என் தம்பி அப்படித்தான் போனான். அவனுக்குத் திடீரென்று வந்த ஆசாரத்தில் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "என்னடா, சந்நியாசம் வாங்கிக்கப் போறயா?" என்று நான் சீண்டுவேன்.

நான் திருச்சியில் டீச்சர். காலை ரயிலில் போவேன். என்னோடு வேலை பார்த்த சிநேகிதி கொள்ளிடத்துக்கு அக்கரையிலேயே ஏறி எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைப்பாள். வண்டி நகர்ந்த பிறகுதான் நான் ஓடிவந்து ஏறுவேன். தினமும் அவளிடம் திட்டு வாங்குவேன்.

அன்றைக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிய தம்பி வாசலில் நின்றான். "அக்கா, இன்னிக்கு பஸ்ல போயேன்."

"ஏண்டா?"

"ரயில்ல கூட்டமா இருக்கும். சொன்னாக் கேளேன்."

அட, நம் மேல் இவனுக்கு இவ்வளவு கரிசனமா என்று பூரித்துப்போய் பஸ் ஏறினேன்.

ரயில் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் தண்டவாளத்தில் வெடி வெடித்தது. உயிர்ச்சேதம் இல்லை. என் சிநேகிதிக்குத்தான் வலது கை சிதைந்துவிட்டது. ஸ்கூலில் சேதி கேட்டதுமே தம்பி சொன்னது ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்தால் தெருவே கூடியிருந்தது. "பெருமாள்தான் உன்னைக் காப்பாத்தினார்" என்று அம்மா கட்டிக்கொண்டாள். எனக்குக் கூசியது. பஸ்ஸில் போகச் சொன்னது தம்பிதான் என்று எல்லார் முன்னாலும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "குடத்துலதான் கொண்டுபோனேன்" என்று தம்பி ஒத்துக்கொண்டான். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, அவன் கையைப் பிடித்து போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். காவல் நின்ற அதே ஆட்கள் அப்போதும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் கையை முழங்கைக்குக் கீழே எடுத்திருந்தார்கள். என் தம்பி செய்த காரியம் அதற்குள் அவளுக்கும் தெரிந்திருந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல், "ரொம்ப வலிக்கிறதா?" என்றேன். சீ, என்ன கேள்வி!

"நீங்க எப்பவும்போல ஓடி வருவீங்கன்னு நெனச்சேங்க. வண்டி கிளம்பின பிறகும் ஜன்னலோரமா கையை நீட்டி உங்க இடத்தைப் பிடிச்சிக்கிட்டே இருந்தேன்" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. "போகட்டும், விடுங்க டீச்சர். உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே."

என் கைகள் இரண்டையும் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டேன்.