லெக்கான் சேவலின் கொண்டை

இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சில வருஷம் முன்பு, நுவரெலியாக் கோழிக் கண்காட்சியிலிருந்து திரும்பிய தோட்டத்து டீமேக்கர், தேயிலைத் தொழிற்சாலையைக் கவனிப்பவர், ஒருவர் ரயிலில் என் எதிரே உட்கார்ந்தார். ஒல்லியான மனிதர். மடியிலிருந்த கூடைக்குள் விரலை விட்டு, லெக்கான் என்ற சீமைச் சாதி வெள்ளைச் சேவலின் கொண்டையை ஓயாமல் தடவிக்கொண்டிருந்தார்.

“போன வருஷம் நடுவரா வந்த துரை, இங்கிலீஷ்காரன் கோழிச் சாதி விதிப் புத்தகப்படி கொண்டை பெருசா வேணும்னாருங்க. அப்படியே வளர்த்தேன். இந்த வருஷத் துரை அமெரிக்கப் புத்தகத்தைக் காட்டி, கொண்டை பெருசுன்னு தள்ளிட்டாரு. நாங்க எதைப் பார்த்து வளர்க்கிறது?”

“உங்களுக்குப் பிடிச்ச மாதிரி வளருங்களேன்,” என்றேன்.

முகம் சிவந்துவிட்டது அவருக்கு. “ஆளாளுக்குப் பிடிச்ச மாதிரி வளர்த்தா, அதுக்கு லெக்கான்னு பேரு எதுக்குங்க?”

வட்டகொடை ஸ்டேஷனில் கொட்டும் மழையில் இறங்கியவர், கோட்டைக் கழற்றிக் கூடையின்மேல் போர்த்திவிட்டு, நனைந்துகொண்டே போனார்.